முதல் ஆயிரம் கிலோமீட்டர்: புது எஞ்சினைப் பழக்கும் வழக்கத்தின் வரலாறு

புது எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்டாமல், அளவறிந்து ஓட்டிப் பழக்குவதை ரன்னிங்-இன் என்பார்கள். எவ்வளவு நுணுக்கமாகக் கடைந்தாலும் எஞ்சினுக்குள் உரசும் பரப்புகள் முழு வழவழப்போடு வருவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் தெரியும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும், கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும், கேமும் டேப்பெட்டும் அந்த மேடுகளைத் தேய்த்துத் தமக்குள் பொருந்திக்கொள்ளச் சிறிது காலம் பிடிக்கும். தொழிற்சாலையில் முடிக்க இயலாத கடைசி மெருகு வேலையைத்தான் வண்டி வாங்கியவர் சாலையில் முடித்துக் கொடுத்தார். கடைசல் இயந்திரங்களின் துல்லியம் கூடக் கூட அந்த வேலை படிப்படியாகத் தொழிற்சாலைக்கே திரும்பிப் போயிற்று. ரன்னிங்-இன் வழக்கம் இருநூறு ஆண்டுகளில் மாறி வந்த விதம் இதுவே.

சணலும் கொழுப்பும்

பிஸ்டனும் சிலிண்டரும் பொருந்த வேண்டிய சிக்கல் காருக்கு மிகவும் முந்தையது. 18-ஆம் நூற்றாண்டின் நீராவி எஞ்சின்களில் சிலிண்டரை வார்த்து, உட்புறத்தை ஓரளவுக்குத்தான் குடைய முடிந்தது. வட்டம் எங்கும் ஒரே அளவில் அமையாததால் பிஸ்டனைச் சுற்றிச் சணல் திணித்து, கொழுப்பு பூசி இடைவெளியை அடைத்தார்கள். 1774-இல் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழல் குடைவதற்கான ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த அனுபவத்தைக் கொண்டு அவர் குடைந்து தந்த சிலிண்டர்களே ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினை விற்பனைக்கு ஏற்றதாக்கின. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டர் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்குக் கூடப் பிசகவில்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன் 1776-இல் பெருமைப்பட்டுக்கொண்டார். அன்று அது பெரிய சாதனை. இன்றைய கார் எஞ்சினில் அனுமதிக்கப்படும் பிசகு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கையொட்டியே இருக்கும்.

சணலுக்கு மாற்று 1850-களின் தொடக்கத்தில் வந்தது. இங்கிலாந்தின் ரயில்வே பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம், ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையங்களைப் பிஸ்டனின் பள்ளங்களில் பொருத்தினார். இயல்பில் சிலிண்டரை விடச் சற்றுப் பெரிதான அந்த வளையம், அமுக்கி உள்ளே செலுத்தப்பட்டதும் விரிய முயன்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இன்றுள்ள பிஸ்டன் ரிங்கின் அடிப்படை இதுவே. ஆனால் புது வளையத்தின் விளிம்பு சுவரை எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தொடுவதில்லை. சில மணி நேரமோ சில நாளோ ஓடித் தேய்ந்த பிறகுதான் முழு வட்டமும் படியும். 1876-இல் நிக்கொலாஸ் ஓட்டோவின் நான்கு வீச்சு எஞ்சினும் 1886-இல் கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டியும் வந்தபோது, ரிங் படிய வேண்டும் என்ற தேவை அப்படியே காருக்கும் தொடர்ந்தது.

நீல மையும் சுரண்டியும்

பழைய எஞ்சின்களில் ரிங்கை விட அதிகக் கவலை தந்தது பேரிங். ஐசக் பாபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற, வெள்ளீயம் மிகுந்த மென்மையான உலோகக் கலவையே கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளில் ஊற்றப்பட்டது. வெள்ளை உலோகம் என்று பட்டறைகளில் அறியப்பட்ட கலவை இது. மென்மையாக இருப்பதால் ஷாஃப்டைக் கீறாது. ஆயிலில் வரும் தூசியைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும். ஆயில் சற்றுக் குறைந்து சூடேறினால் உருகியும் போகும்.

அந்தக் காலத்தில் பேரிங் பொருத்துவது முழுக்கக் கைவேலை. ஃபிட்டர் ஷாஃப்டின் மேல் நீல மையை மெல்லியதாகத் தடவி, பேரிங்கில் வைத்து, மூடியை முடுக்கி, ஒரு சுற்றுச் சுற்றுவார். கழற்றிப் பார்த்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடங்களைச் சுரண்டியால் மெல்லச் சீவி, மறுபடி மை தடவி, மறுபடி சுற்றிப் பார்ப்பார். நீலப் புள்ளிகள் பரப்பு முழுவதும் சீராகப் பரவும் வரை இது நடக்கும். கைத்தேர்ச்சி எத்தனை இருந்தாலும் கடைசி நுணுக்கம் கைக்கு எட்டாது. அதை ஓட்டம்தான் செய்தாக வேண்டும். புது எஞ்சின்கள் கையால் சுழற்ற முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தன. சில நாள் மெதுவாக ஓடித் தளர்ந்த பிறகே அவற்றிடம் முழு வேலை வாங்க முடிந்தது.

பேரிங் ஏன் தேயாமல் ஓடுகிறது என்பதும் அதே காலத்தில்தான் விளங்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் அச்சுப் பேரிங்குகளை ஆய்ந்த பீச்சம்ப் டவர், பேரிங்கின் உச்சியில் ஆயில் விடுவதற்காக ஒரு துளை இட்டார். ஷாஃப்ட் சுழன்றதும் ஆயில் அந்தத் துளை வழியே உள்ளே இறங்காமல் வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார்; தக்கை பிதுங்கி வந்தது. மரமுளையை அடித்தார், அதுவும் வெளியே தள்ளப்பட்டது. கடைசியில் அழுத்தமானியை வைத்தபோது முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டிப் போயிற்று. சுழலும் ஷாஃப்ட் ஆயிலைத் தானே இழுத்து, தன்னைத் தூக்கி நிறுத்தும் ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்பது 1883-இல் வெளிவந்த இந்த ஆய்விலிருந்து தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணித வடிவில் விளக்கினார். வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப உராய்வு எப்படி மாறுகிறது என்பதை ஜெர்மனியில் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-இல் வரைபடமாகக் காட்டினார்.

புது எஞ்சினின் நிலை இந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆயில் படலத்தின் கனம் சில மைக்ரான்தான். பரப்பின் மேடுகள் அதை விட உயரமாக இருந்தால் படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோகம் உலோகத்தைத் தொடும். தொட்ட இடம் சூடேறும். மேடுகள் தேய்ந்து தணிந்தால் அதே ஆயிலும் அதே வேகமும் போதும், இரு பரப்புகளும் ஒட்டாமல் மிதக்கும். ரன்னிங்-இன் என்பது படலத்தைக் கனமாக்குவதன்று. அந்தப் படலமே போதும் என்னும்படி பரப்பைத் தணிப்பது.

தொழிற்சாலை மாறுகிறது

ஒரு காரின் பாகம் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தும் என்பதை 1908-இல் காடிலாக் நிறுவனம் லண்டனுக்கு அருகே புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் காட்டியது. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் 3 கார்கள் முழுக்கக் கழற்றப்பட்டன. பாகங்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டு, அவற்றிலிருந்து 3 கார்கள் மறுபடி பூட்டப்பட்டன. அராவியோ சுரண்டியோ தொடாமல் பூட்டிய அந்தக் கார்கள் 500 மைல் ஓடின. இதற்காக காடிலாக்குக்கு டேவார் கோப்பை கிடைத்தது. ஃபிட்டரின் கைவேலை இல்லாமலே எஞ்சின் பொருந்தும் என்பதற்கு அது முதல் பெரிய சான்று.

அதே ஆண்டில் வந்த ஃபோர்டின் மாடல் டி இதைப் பெரும் எண்ணிக்கைக்குக் கொண்டு போனது. ஹைலாண்ட் பார்க் ஆலையில் பூட்டி முடித்த எஞ்சின்களை வெளிச்சக்தியால் சுழற்றி, இறுக்கத்தைத் தளர்த்தியே சேஸியில் ஏற்றினார்கள். பழக்கும் வேலையின் முதல் பங்கு அங்கே தொழிற்சாலைக்குள் நடந்தது. எஞ்சியதைக் கார்காரரிடம் விட்டார்கள். கேள்வி-பதில் வடிவில் அமைந்த மாடல் டி கையேடு, புது வண்டியை முதல் சில நாள் மெதுவாகவும் கவனமாகவும் ஓட்டினால் பின்னால் நன்றாக உழைக்கும் என்று அறிவுரை சொன்னது. குதிரை வண்டியிலிருந்து நேரே மோட்டாருக்கு மாறிய விவசாயிக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது.

ஆயிலில் சேரும் உலோகத் துகள் இன்னொரு தொல்லை. பழகும் காலத்தில் தேய்ந்து விழுவதெல்லாம் ஆயிலோடு கலந்து சுற்றிவந்து மறுபடி பேரிங்குக்கே போகும். எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் 1923-இல் ப்யூரோலேட்டர் என்ற ஆயில் ஃபில்டரைக் கொண்டு வந்தார். 1924-இல் வெளிவந்த கிரைஸ்லர் காரில் அது இடம்பெற்றது. ஃபில்டர் பரவாத காலத்தில் இதற்கிருந்த ஒரே வழி ஆயிலை வடித்துவிடுவது. முதல் 500 மைலில் ஆயிலை மாற்ற வேண்டும் என்ற விதி அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மினுமினுக்கும் துகள்கள் தெரியும். புது எஞ்சினின் முதல் சர்வீஸில் மெக்கானிக் இன்றும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அலுமினியம் பிஸ்டனின் தொல்லை

வார்ப்பிரும்புப் பிஸ்டன் கனமானது. வேகம் கூடினால் அந்தக் கனமே எஞ்சினைக் கெடுக்கும். 1913-இல் பிரான்சின் டி.எஃப்.பி. கார் ஆலைக்குப் போன டபிள்யூ.ஓ. பெண்ட்லி, அங்கே மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த ஒரு சிறிய பிஸ்டனைக் கண்டார். அது அலுமினியத்தில் வார்த்தது. சிறிது செம்பு கலந்த அலுமினியத்தில் பிஸ்டன் செய்து அவர் தம் பந்தயக் காரில் பொருத்தினார். முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்கும் அந்த யோசனை போனது.

அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல இரு மடங்கு விரியும். குளிர்ந்தபோது சரியான இடைவெளியோடு இருக்கும் பிஸ்டன், சூடேறினால் சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும். இடைவெளியைக் கூட்டினால் குளிரில் பிஸ்டன் ஆடித் தட்டும். குறைத்தால் சூட்டில் பிடித்துக்கொள்ளும். புது எஞ்சினில் உராய்வுச் சூடும் சேர்வதால் ஆபத்து இன்னும் அதிகம். வண்டி வேகமாகப் போகும்போது திடீரென எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இதைத்தான் நம் மெக்கானிக்குகள் பிஸ்டன் ஜாம் என்றும் சீஸ் ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள். குளிரில் நீள்வட்டமாகவும் சூட்டில் வட்டமாகவும் அமையும்படி பிஸ்டனைக் கடையும் முறை பிற்பாடு வந்து இந்தத் தொல்லையைக் குறைத்தது. ஆனாலும் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ரன்னிங்-இன் அறிவுரை அவ்வளவு கண்டிப்பானதற்கு இந்தப் பயமே பெருங்காரணம்.

பின்கண்ணாடியில் ஓர் அட்டை

இந்த வழக்கம் ஒரு சமூக வழக்கமாகவே ஆனது பிரிட்டனில். 1930-கள் முதல் 1950-கள் வரை அங்கே வெளியான பல கார்க் கையேடுகள், முதல் 500 மைலுக்கு டாப் கியரில் மணிக்கு 30 மைலைத் தாண்டக் கூடாது என்றன. முக்கால் மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகும். பின்னால் வருபவர்கள் பொறுமை இழக்காமல் இருக்க, "ரன்னிங்-இன், முந்திச் செல்லவும்" என்று பொருள்படும் அட்டையைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது நடைமுறையாயிற்று. புது வண்டி வாங்கியதை ஊருக்குச் சொல்லும் அறிவிப்பாகவும் அந்த அட்டை பயன்பட்டது.

எஞ்சின் பழக உதவும் சரக்குகளுக்கும் நல்ல சந்தை இருந்தது. கிராஃபைட்டை மிக நுண்ணியதாகப் பொடித்து ஆயிலில் கலந்த கரைசல்கள் ரன்னிங்-இன் கலவை என்றே விற்கப்பட்டன. எட்வர்ட் அச்செசன் 1890-களில் மின்உலையில் செயற்கைக் கிராஃபைட் செய்யக் கண்டுபிடித்த வழியே இந்தத் தொழிலுக்கு மூலம். ஆயில் படலம் கிழிந்த இடத்தில் கிராஃபைட் படிந்து காக்கும் என்பது எதிர்பார்ப்பு.

1960-களுக்கு வந்தபோது கையேடுகளின் தொனி மாறியது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் கையேடுகள் முதல் 500 மைலுக்கு 45 மைல் வேகம் வரை அனுமதித்தன. அதோடு ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தாதே என்றும், எந்தக் கியரிலும் எஞ்சினைத் திணற விடாதே என்றும் சேர்த்துச் சொன்னன. வேகமே எதிரி என்ற எண்ணம் விலகி, சுமையும் திணறலும் கவனத்துக்கு வந்தன.

புது நெடுஞ்சாலைகளும் இந்த மாற்றத்தைத் தள்ளின. ஜெர்மனியில் 1935-இல் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையே ஆட்டோபான் திறந்ததும், மணிக்கணக்கில் முழு வேகத்தைத் தாங்கும் எஞ்சின்கள் வேண்டும் என்பது வெளிச்சமாயிற்று. பிரிட்டனில் எம்1 நெடுஞ்சாலை 1959 நவம்பர் 2 அன்று திறக்கப்பட்டபோது வேக வரம்பே இல்லை. கிராமச் சாலைக்கென்று செய்த கார்கள் பல ஓரங்கட்டி நின்றன.

மெதுவாகப் போவதும் கெடுதல்

மெதுவாக ஓட்டினால் தேய்மானம் குறையும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அசைத்தன. 1930-களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்தின் ஆய்வுக் குழுவில் சி.ஜி. வில்லியம்ஸ் சிலிண்டர் தேய்மானத்தை ஆராய்ந்தார். சுவர் குளிர்ந்திருக்கும்போது எரிப்பில் உண்டாகும் நீராவியும் அமிலமும் அதன் மேல் படிந்து உலோகத்தை அரிக்கின்றன. தேய்மானத்தில் கணிசமான பங்கு உராய்வால் அன்று, அரிப்பால் வருகிறது என்று அவர் காட்டினார். புது வண்டியைப் பொத்திப் பொத்தி, எஞ்சின் சூடேறுமுன்னே நிறுத்தி நிறுத்தி ஓட்டியவர்கள் நல்லது செய்வதாக எண்ணிக் கெடுதலே செய்தார்கள்.

1940-களின் இறுதியில் அணு உலைகள் இன்னொரு கருவியைத் தந்தன. பிஸ்டன் ரிங்கை உலையில் வைத்துக் கதிரியக்கம் ஏற்றி எஞ்சினில் பொருத்தினால், தேய்ந்து ஆயிலில் கலக்கும் இரும்பைக் கதிர் எண்ணியால் அவ்வப்போது அளக்கலாம். எஞ்சினைத் திறக்க வேண்டியதில்லை. புது ரிங் முதலில் வேகமாகத் தேய்ந்து, பிறகு தேய்மானம் சட்டென்று குறைந்து சமநிலைக்கு வருவது இதனால் நேரடியாகத் தெரிந்தது. பழகும் வேலையில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

விமான எஞ்சின் துறை இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஆலைகள் புது விமான எஞ்சினைச் சோதனை மேடையில் சில மணி நேரம் ஓட்டின. கிரீன் ரன் என்று அதற்குப் பெயர். பிறகு எஞ்சினை முழுக்கக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, மறுபடி பூட்டி, மறுபடி ஓட்டிய பின்பே அனுப்பினார்கள். விமானி நடுவானில் எஞ்சினைப் பழக்கிக்கொண்டிருக்க முடியாது.

சிறு விமானங்களுக்கான எஞ்சின்களுக்கு லைகமிங் நிறுவனம் தரும் அறிவுரை காருக்குச் சொன்ன பழைய பாடத்துக்கு நேர்மாறானது. புதிதாக ரிங் போட்ட எஞ்சினை 65 முதல் 75 சதவீத சக்தியில் ஓட்ட வேண்டும். ஆயில் செலவு நிலைப்படும் வரை சேர்மானம் இல்லாத மினரல் ஆயிலே ஊற்ற வேண்டும். எரிப்பின்போது எழும் வாயு அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. சக்தி குறைவானால் அழுத்தமும் குறைவு, ரிங் படியாது. சுவரில் மிஞ்சும் ஆயில் சூட்டில் வெந்து கண்ணாடி போன்ற படலமாகிக் கோடுகளை அடைத்துவிடும். அதன் பிறகு ரிங் எத்தனை நாள் ஓடினாலும் படியாது. வண்டி நீலப் புகை தள்ளும், ஆயில் குடிக்கும். சுமை இல்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் ஜெனரேட்டர்களில் வரும் நோயும் இதுவே. சிலிண்டர் தலையைக் கழற்றி, சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லால் மறுபடி கோடு போட்டால்தான் தீரும்.

கழற்றாமலே தீர்க்க அமெரிக்க மெக்கானிக்குகள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஓடும் எஞ்சினின் கார்புரேட்டர் வாயில் பான் அமி என்ற பாத்திரம் துலக்கும் பொடியைச் சிறிது தூவுவார்கள். பொடி சிலிண்டருக்குள் போய்ப் படலத்தைச் சுரண்டும், புகை நிற்கும். ரிங்கோடு பேரிங்கையும் சுரண்டும் ஆபத்து இருந்தும், 1950-களின் பட்டறைகளில் இது தெரிந்த வித்தையாக இருந்தது.

மாறிய பாகங்களும் ஆயிலும்

20-ஆம் நூற்றாண்டின் போக்கில் பழகும் வேலை ஒவ்வொரு பாகமாகக் குறைந்தது. பேரிங்கில் முதல் மாற்றம். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிராஃபைட் பிரோன்ஸ் நிறுவனம் எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய பேரிங் உலோகம் ஒட்டிய ஷெல்களை உருவாக்கியது. 1930-களில் டோனி வாண்டர்வெல் உரிமம் பெற்று இங்கிலாந்தில் அவற்றைச் செய்யத் தொடங்கினார். ஷெல்லை இருக்கையில் வைத்து முடுக்கினால் போதும்; நீல மையும் சுரண்டியும் ஓய்ந்தன.

சிலிண்டரில் இரண்டாவது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிண்டரைச் சாணை பிடிக்கும் இயந்திரங்கள் வந்தன. 1920-களில் ஹோனிங் பரவியது. சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகும் கற்கள் சுவரில் குறுக்குமறுக்காகக் கோடு கிழிக்கும். கோடுகளின் பள்ளம் ஆயிலைத் தேக்கும், மேடு ரிங்குக்குப் பொருந்தித் தேயும். பின்னர் வந்த பிளாட்டோ ஹோனிங், கோடு போட்ட பிறகு நுண்ணிய கல்லால் மேடுகளின் முனையை மட்டும் சீவிவிடுகிறது. பழக்கும் காலத்தில் ரிங் செய்து வந்ததையே இந்தக் கல் தொழிற்சாலையில் செய்துவிடுகிறது.

ரிங்கில் மூன்றாவது. கடினக் குரோமியம் பூசிய ரிங்குகள் நீண்டு உழைத்தாலும் படிய நேரம் எடுத்தன. 1960-களில் வந்த மாலிப்டினம் பூசிய ரிங்குகள் ஆயிலைத் தம் நுண்துளைகளில் வைத்துக்கொண்டு விரைவில் படிந்தன. 1967-இல் மாலே நிறுவனம் நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள் கலந்த நிக்காசில் பூச்சை உருவாக்கியது. போர்ஷேயின் பந்தயக் கார்களும் 1973-இன் கரேரா ஆர்எஸ்ஸும் அதைப் பயன்படுத்தின.

கேம் ஷாஃப்ட் மட்டும் முரண்டு பிடித்தது. பழைய அமெரிக்க வி8 எஞ்சின்களில் தட்டை அடியுள்ள டேப்பெட்டின் மேல் கேமின் மூக்கு மிகுந்த அழுத்தத்தோடு உரசும். புது கேம் போட்டால், எஞ்சின் பற்றிய கணத்திலிருந்து ஏறத்தாழ 20 நிமிடம் நிமிடத்துக்கு 2,000 முதல் 2,500 சுற்று வேகத்தில் ஓட்டியாக வேண்டும். ஐடிலிங்கில் விட்டால் போதிய ஆயில் தெறிக்காது, கேம் மூக்கு மழுங்கிப்போகும். 1980-களில் உருளை டேப்பெட் பரவியதும் பெரும்பாலான கார்களில் இந்தச் சடங்கு மறைந்தது.

ஆயிலும் மாறியது. டீசல் எஞ்சின்களில் ரிங் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க 1935-இல் டெலோ என்ற ஆயில் வந்தது. 1940-களில் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மானம் புகுந்து, தேய்மானத்தைத் தடுக்கும் முக்கியக் காப்பானது. 1970-களில் முழுச் செயற்கை ஆயில் கார்க் கடைக்கு வந்தது.

ஆலைக்குள்ளும் சோதனை மாறியது. முன்பு ஒவ்வொரு எஞ்சினையும் எரிபொருள் ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். இன்று பல ஆலைகளில் மின்மோட்டாரால் சுழற்றி, திருப்புவிசையையும் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரிகளால் அளந்து குறைகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இந்தியச் சாலையில்

இந்தியாவில் இந்த வழக்கம் பிரிட்டிஷ் கையேடுகளோடு வந்து சேர்ந்தது. உத்தர்பாராவில் 1957 முதல் உருவான அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றல். சென்னைக்கு அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் டிரையம்ஃபின் வழித்தோன்றல். அவற்றோடு வந்த எச்சரிக்கைகளும் அதே வரிகளே. புது வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்டில் ஒரு வண்டியைப் பல்லாண்டு ஓட்டினார்கள். அதனால் இங்கே ரன்னிங்-இன் புது வண்டியோடு நிற்கவில்லை. சிலிண்டர் தேய்ந்ததும் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அங்குலத்தில் ஆயிரத்துக்கு 10, 20, 30, 40 பங்கு என்று படிப்படியாக ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். ஒவ்வொரு ரீபோருக்குப் பிறகும் வண்டி புதிதாகவே கருதப்பட்டு, மறுபடி பழக்கப்பட்டது. சாவியைக் கொடுக்கும்போது, "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறுபதைத் தாண்டாதீங்க" என்று மெக்கானிக் சொல்லி அனுப்புவது அந்த வேலையின் ஒரு பகுதி.

இதற்கான பாகங்களும் தமிழ்நாட்டில் உருவாயின. சென்னை செம்பியத்தில் சிம்சன் குழுமத்தைச் சேர்ந்த இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதல் இயங்குகிறது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா 1955-இல் தொடங்கிய புல்லட் உற்பத்தி, பழக்கும் வழக்கத்துக்கு நீண்ட ஆயுள் தந்தது. அதன் 350 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் வார்ப்பிரும்பு. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங்குக்குப் பதில் வெள்ளை உலோகம் பூசிய மிதக்கும் புஷ் இருந்தது. ஆயில் படலம் சரியாக அமையாமல் விரட்டினால் முதலில் கெடுவது அந்தப் புஷ்தான். புல்லட் ஓட்டிகள் ரன்னிங்-இன்னில் காட்டிய கண்டிப்பு வீண் பயமன்று; எஞ்சினின் அமைப்பே அதைக் கேட்டது. டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோலோடு கலக்கும் ஆயிலைத் தொடக்கத்தில் சற்றுக் கூட்டி ஊற்றுவதும் இதே நோக்கத்தில்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 கைமாறியதோடு ஜப்பானியத் துல்லியம் இந்திய நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. முதல் இலவச சர்வீஸ் 1,000 கிலோமீட்டர் அல்லது 1 மாதம் என்ற கணக்கு, பழக்கும் காலத்தின் எல்லைக்கல்லாக மக்கள் மனத்தில் பதிந்தது.

இன்றைய முறை

இன்றைய கையேடுகளிலும் ரன்னிங்-இன் பத்தி உண்டு, உள்ளடக்கம் வேறு. டொயோட்டா முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் வேண்டாம் என்கிறது. அது பிரேக் படிவதற்காக. முதல் 1,000 கிலோமீட்டருக்கு மிகுந்த வேகமும் திடீர் முடுக்கமும் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகவும் வேண்டாம் என்கிறது. பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைக் கார்களில் முதல் 2,000 கிலோமீட்டருக்கு நிமிடத்துக்கு 5,500 சுற்று என்ற வரம்பும், அதன் முடிவில் ஆயில் மாற்றமும் உண்டு. முதல் ஆயிலைச் சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றாதே என்று ஹோண்டா அறிவுறுத்துகிறது. ஆகவே 500 மைல் ஆயில் மாற்றம் என்ற பழைய விதியை எல்லா வண்டிக்கும் பொதுவாக வைக்க முடியாது. அந்தந்த வண்டியின் கையேடே கணக்கு.

இவற்றிலிருந்து திரளும் முறை எளியது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே சுமை கொடுக்க வேண்டும். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். கூட்டும்போது வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரில் படியவைக்கும், ஆக்சிலரேட்டரை விடும்போது உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை மேலே இழுத்துத் துகளைக் கழுவும். டாப் கியரில் திணற விடுவதும், மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிறுத்துவதும், சூடேறாத எஞ்சினை முழுக்க முடுக்குவதும் கூடாது. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற வரம்பு உள்ள வண்டியில் அதை மதிக்க வேண்டும். ஆயில் அளவை முதல் சில வாரம் அடிக்கடி பார்க்க வேண்டும். பழகும் காலத்தில் ஆயில் சற்றுக் குறைவது இயல்பு, பழகிய பிறகும் குறைந்தால்தான் கோளாறு.

மின்சாரக் காரில் பிஸ்டனும் ரிங்கும் இல்லை. டயரின் வழவழப்பு நீங்கவும் பிரேக் பேட் படியவும் மட்டுமே சிறிது தூரம் வேண்டும். பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டிகளில் எஞ்சின் அவ்வப்போது நின்று நின்று ஓடுவதால், ஓடோமீட்டர் காட்டும் தூரமும் எஞ்சின் உண்மையில் பழகிய தூரமும் ஒன்றல்ல. ஆலையின் கற்கள் இன்று மேடுகளைச் சீவித் தந்தாலும், சூட்டிலும் சுமையிலும் ரிங் தன் சுவரைக் கண்டுகொள்ளும் கடைசிச் சிறு பங்கு இன்னும் சாலைக்கே மிஞ்சியிருக்கிறது. பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் உள்ள வரை கையேட்டில் அந்தப் பத்தியும் இருக்கும்.